'ஏனென்றால், இப்படி': யோவான் 3:16ஐக் கிரேக்கத்தில் படிக்கத் தொடங்குவோருக்கு

பிரசங்கத்தில் ஒருவர் "மூல பாஷையில் பார்த்தால்..." என்று ஆரம்பித்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். இதுவரை ஒளிந்திருந்த ஏதோ ஒன்று வெளியே வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு. நானும் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்தவன்தான். அப்புறம் நாலு கிரேக்கச் சொல்லைக் கற்றுக்கொண்டு மற்றவர்களை நிமிர வைக்கப் பார்த்தவனும்கூட. அந்தக் கதை பின்னால் வருகிறது.

கொஞ்ச காலம் பொறுமையாகப் படித்த பிறகு எனக்குப் புரிந்தது வேறு. கிரேக்கம் புதுப்புது அர்த்தங்களைக் கொண்டுவந்து கொட்டுவது அபூர்வம். நாமாக வசனத்தின் மேல் ஏற்றி வைத்திருந்த அர்த்தங்களைக் கழிப்பதுதான் அதன் அன்றாட வேலை. கூடவே, மொழிபெயர்த்தவர் எந்த இடத்தில் இரண்டு வழிகளைப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார் என்பதையும் காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சும்மா சொன்னால் புரியாது. பலருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

"தேவன், தம்முடைய ஒரேபேறான குமாரனை விசுவாசிக்கிறவன் எவனோ அவன் கெட்டுப்போகாமல் நித்தியஜீவனை அடையும்படிக்கு, அவரைத் தந்தருளி, இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்."

இது புராட்டஸ்டன்ட் சபைகளில் படிக்கும் பழைய திருப்புதல் என்ற தமிழ் மொழிபெயர்ப்பின் யோவான் 3:16. கத்தோலிக்கர் படிக்கும் திருவிவிலியத்தில் நடை வேறு: ஒரேபேறான குமாரன் அங்கே 'ஒரே மகன்', நித்தியஜீவன் 'நிலைவாழ்வு', எவனோ என்பது 'எவரும்'. இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே கிரேக்க வாக்கியம்தான்.

எந்தக் கிரேக்கம், எந்த 'மூலம்'?

புதிய ஏற்பாடு எழுதப்பட்டது கொய்னே என்ற கிரேக்கத்தில். 'பொதுவானது' என்று பொருள். மத்தியதரைக் கடலைச் சுற்றியிருந்த பல நாட்டு மக்கள் முதல் நூற்றாண்டில் கடையிலும் கடிதத்திலும் பயன்படுத்திய மொழி. ஒரு காலத்தில் இதைப் பரிசுத்த ஆவியானவரின் தனிக் கிரேக்கம் என்றுகூட நினைத்தவர்கள் உண்டு. பழைய ஏதென்ஸ் இலக்கியக் கிரேக்கத்தோடு ஒப்பிட்டால் அவ்வளவு வித்தியாசமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எகிப்தின் ஆக்சிரிங்கஸ் போன்ற இடங்களின் குப்பை மேடுகளிலிருந்து பப்பைரஸ் தாள்கள் கட்டுக்கட்டாக வெளிவந்தன. ரசீது, குத்தகைப் பத்திரம், மகன் அம்மாவுக்கு எழுதிய கடிதம் என்று எல்லாம் இருந்தது. அவற்றில் புதிய ஏற்பாட்டின் சொற்கள் சாதாரணமாகப் புழங்கின. அடோல்ஃப் டைஸ்மன் என்ற ஜெர்மானிய அறிஞர் இதை விரிவாக எடுத்துக்காட்டினார். ஆகவே ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பார்க்கும்போது, அந்தக் காலத்து மனிதர் அதை எப்படிப் புழங்கினார் என்பதுதான் முதல் கேள்வி.

'மூலம்' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. யோவான் நற்செய்தியின் ஆசிரியர் கைப்பட எழுதிய தாள் இன்று கிடையாது. இருப்பவை பிரதிகளின் பிரதிகள். முழு அளவில் கிடைப்பவற்றில் முக்கியமானவை 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் சுவடியும் சினாய் சுவடியும். இவற்றில் எல்லாம் பெரிய எழுத்து, சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. நம்முடைய ஓலைச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. 'தேவன்உலகத்தில்அன்புகூர்ந்தார்' என்று ஒட்டி எழுதியதைப் பிரித்துப் படிப்பது போலத்தான்.

இப்படிப் பல பிரதிகளை ஒப்பிட்டு, எது பழைய வாசகமாக இருக்கும் என்று தீர்மானித்து அச்சிட்டதையே இன்று கிரேக்கப் புதிய ஏற்பாடு என்கிறோம். முதலில் அச்சாகி வெளியானது எராஸ்மஸின் பதிப்பு, 1516இல். இன்று பரவலாகப் பயன்படும் நெஸ்லே-ஆலண்டின் 28ஆம் பதிப்பு 2012இல் வந்தது. பிரதிகளுக்குள் வேறுபாடு என்றால் எப்படிப்பட்டது? பக்கத்து வசனத்தையே பாருங்கள். பழைய திருப்புதலில் 15ஆம் வசனத்திலும் 'கெட்டுப்போகாமல்' இருக்கிறது, 16இலும் இருக்கிறது. வத்திக்கான், சினாய் சுவடிகளில் 15ஆம் வசனத்தில் அது இல்லை. பின்னால் நகலெடுத்த யாரோ ஒருவர், மனப்பாடமான 16ஐ நினைவில் வைத்துக்கொண்டு 15ஐ எழுதிவிட்டார் போலிருக்கிறது. நமக்கும் நடக்கிற தவறுதான். பழைய திருப்புதல் என்று நாம் சொல்கிற பவர் ஐயரின் தமிழ் மொழிபெயர்ப்பு 1871இல் வந்தது. அது பின்பற்றிய அச்சுப் பதிப்புகளில் அந்தக் கூடுதல் சொற்கள் இருந்தன. இதனால் உபதேசம் எதுவும் மாறிவிடவில்லை. பெரும்பாலான வேறுபாடுகள் இந்த அளவில்தான் நிற்கின்றன.

வாக்கியம் இதுதான்

கிரேக்க ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுதினால் தோராயமாக இப்படி வரும்:

"ஹூட்டோஸ் கர் ஏகபேசென் ஹோ தெயோஸ் டொன் கொஸ்மொன், ஹோஸ்டே டொன் ஹுயியொன் டொன் மொனொகெனே எடோகென், ஹினா பாஸ் ஹோ பிஸ்டியூவோன் எய்ஸ் அவ்டொன் மே அபொலேடை, அல் எக்கே ஸோஏன் அயோனியொன்."

ஒவ்வொரு சொல்லுக்கும் நேராகத் தமிழைப் போட்டால் முதல் பகுதி: இப்படி – ஏனென்றால் – அன்புகூர்ந்தார் – கடவுள் – உலகத்தை. இரண்டாம் பகுதி: ஆகவே – மகனை – ஒரேயானவரை – கொடுத்தார். மூன்றாவது: பொருட்டு – அவர்மேல் நம்பிக்கை வைக்கிற ஒவ்வொருவனும் – அழியாமல் – நித்திய ஜீவனை உடையவனாயிருக்க.

இங்கே தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. கிரேக்கத்தில் யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்பதைச் சொல்லின் இடம் தீர்மானிப்பதில்லை; சொல்லின் கடைசி அசை தீர்மானிக்கிறது. 'ஹோ கொஸ்மொஸ்' என்றால் உலகம், எழுவாய். 'டொன் கொஸ்மொன்' என்றால் உலகத்தை. நம்முடைய வேற்றுமை உருபு செய்யும் வேலையை அந்த விகுதி செய்கிறது. 'ராமன் கண்ணனை அடித்தான்', 'கண்ணனை ராமன் அடித்தான்' இரண்டும் நமக்கு ஒன்றுதானே. அதனால் 'அன்புகூர்ந்தார் கடவுள் உலகத்தை' என்ற வரிசையைப் பார்த்து நாம் தடுமாற வேண்டியதில்லை. 'பிஸ்டியூவோன்' போன்ற வினையெச்ச-பெயரெச்சக் கலவைகளும் நமக்குப் பழக்கமானவை; 'விசுவாசிக்கிறவன்' என்ற வினையாலணையும் பெயர் அதற்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது.

ஆனால் வரிசை வேறொரு விதத்தில் முக்கியம். கிரேக்க வாக்கியம் அன்பில் தொடங்கி, கொடுத்ததற்கு வந்து, எதற்காகக் கொடுத்தார் என்பதில் முடிகிறது. தமிழ் வாக்கியத்தில் முற்றுவினை கடைசியில்தான் உட்கார முடியும். ஆகவே பழைய திருப்புதல் நோக்கத்தை முன்னால் வைத்து, கொடுத்ததை நடுவில் வைத்து, அன்பைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறது. இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் இதில் ஒன்று தொலைந்து போகிறது. அதைத்தான் இனி பார்க்கப் போகிறோம்.

அந்த முதல் இரண்டு சொற்கள்

கிரேக்கம் படிக்க வருகிறவர்கள் நேராக அன்பைக் குறிக்கும் 'அகாபே'யிடம் ஓடுவார்கள். நான் இந்த வசனத்தில் அதிக நேரம் நிற்பது ஹூட்டோஸ், கர் என்ற இரண்டு சின்னச் சொற்களிடம்.

'கர்' என்றால் 'ஏனென்றால்'. இந்தச் சொல் வாக்கியத்தின் முதல் சொல்லாக வராது. இரண்டாம் இடத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். முன்னால் சொன்னதற்குக் காரணமோ விளக்கமோ இதோ வருகிறது என்பதற்கான அடையாளம். பழைய திருப்புதலில் இந்த வசனத்தில் 'ஏனெனில்' இல்லை. விட்டுவிட்டார்கள். நாள்காட்டியிலும் சுவரொட்டியிலும் தனியாக நிற்கும் வசனமாகவே இது நமக்குப் பழகிவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். '16' என்ற எண்ணும் ஒரு காரணம். அந்த எண்கள் மூலத்தில் இல்லை. புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்களைப் போட்டவர் ராபர்ட் எஸ்டியென் என்ற பிரெஞ்சு அச்சகத்தார், 1551இல். அதிகாரப் பிரிவுகள்கூட 13ஆம் நூற்றாண்டுக்காரரான ஸ்டீபன் லாங்டனுடையவை என்பார்கள்.

சரி, 'ஏனென்றால்' என்றால் எதற்குக் காரணம்? பின்னால் திரும்பி 14, 15ஐப் பார்க்க வேண்டும். மோசே வனாந்தரத்தில் சர்ப்பத்தை உயர்த்தியதுபோல மனுஷகுமாரனும் உயர்த்தப்பட வேண்டும் என்று அங்கே இருக்கிறது. எண்ணாகமம் 21இல் வரும் கதை அது. பாம்பு கடித்து ஜனங்கள் சாகிறார்கள். மோசே வெண்கலத்தில் ஒரு பாம்பைச் செய்து கம்பத்தில் வைக்கிறார். அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைக்கிறார்கள்.

இப்போது ஹூட்டோஸ். பழைய திருப்புதல் 'இவ்வளவாய்' என்கிறது. அதாவது அளவு. இந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள் உண்டா? உண்டு. கலாத்தியர் 1:6இல் பவுல் 'இவ்வளவு சீக்கிரமாய்' என்று வருத்தப்படும் இடத்தில் இருப்பது ஹூட்டோஸ்தான். ஆனால் இதன் முதல் பொருள் 'இவ்விதமாக'. அளவைவிட விதத்தைச் சொல்லும் சொல். யோவான் நற்செய்தியில் இது வருகிற இடங்களில் பெரும்பாலும் அந்தப் பொருள்தான். இதே மூன்றாம் அதிகாரத்தில் இரண்டு முறை முன்னாடியே வந்துவிட்டது. 8ஆம் வசனத்தில் காற்று வீசுவதைச் சொல்லிவிட்டு, ஆவியினால் பிறந்தவன் 'அப்படியே' இருக்கிறான் என்கிற இடம் ஒன்று. மற்றது 14ஆம் வசனம்: மோசே சர்ப்பத்தை உயர்த்தியது எப்படியோ, 'அப்படியே' மனுஷகுமாரனும். அங்கே ஹூட்டோஸ். இரண்டு வசனம் தள்ளி மறுபடியும் ஹூட்டோஸ். காதில் விழுந்த சொல் காதை விட்டுப் போவதற்குள் திரும்ப வருகிறது.

ஆகவே பல அறிஞர்கள் இதை இப்படி வாசிக்கிறார்கள்: ஏனென்றால், கடவுள் உலகத்தை அன்புசெய்த விதம் இதுதான். எந்த விதம்? சர்ப்பம் உயர்த்தப்பட்டதுபோல மகன் உயர்த்தப்படக் கொடுக்கப்பட்ட விதம். அன்பு எவ்வளவு பெரியது என்று அளக்கும் வாக்கியமாக இதைப் படித்துப் பழகிய நமக்கு, அன்பு எந்த வடிவத்தில் வந்தது என்று காட்டும் வாக்கியமாக இது திரும்புகிறது.

அப்படியானால் 'இவ்வளவாய்' தப்பா? அவசரப்பட வேண்டாம். ஹூட்டோஸுக்குப் பின்னால் 'ஹோஸ்டே' வருகிறது, 'இந்த அளவுக்கு... அதனால்' என்று அளவைக் காட்ட இந்த ஜோடி கிரேக்கத்தில் சகஜம். தம் ஒரே மகனைக் கொடுப்பது என்பதே அளவையும் சொல்லிவிடுகிற செயல்தானே. என் கணிப்பு, விதம் முன்னால் நிற்கிறது, அளவு அதன் பின்னாலேயே வருகிறது. வேடிக்கை என்னவென்றால், இதற்குச் சரியான தமிழ்ச்சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: 'இப்படி'. 'ஏன் இப்படிக் கத்துகிறாய்?' என்று கேட்டால், கத்தும் விதத்தைக் கேட்கிறோமா, சத்தத்தின் அளவைக் கேட்கிறோமா? இரண்டும்தான். ஹூட்டோஸ் செய்வதும் ஏறக்குறைய அதே வேலை. 'ஏனென்றால், இப்படி அன்புகூர்ந்தார்' என்று வைத்திருந்தால் எந்தப் பொருளையும் நாம் அடைக்க வேண்டியிருந்திருக்காது.

தொலைந்து போனது என்று சொன்னேனே, அது இதுதான். கிரேக்கத்தில் 'ஹூட்டோஸ் கர்' வாக்கியத்தின் தலைவாசலில் நின்று முந்தின வசனத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தமிழில் 'ஏனெனில்' விழுந்துவிட்டது, 'இவ்வளவாய்' வாக்கியத்தின் மறுகோடிக்குப் போய்விட்டது. சர்ப்பத்துக்கும் அன்புக்கும் இடையிலிருந்த பாலம் கண்ணில் படாமல் போகிறது.

'அகாபே'யும் என் அவமானமும்

இப்போது அந்தக் கதை. ஒரு வேதபாடக் கூட்டத்தில் நான் பேச எழுந்தேன். கிரேக்கத்தில் அன்புக்குப் பல சொற்கள் உண்டு, அகாபே என்பது தன்னலமற்ற தெய்வீக அன்பு, மனித அன்புக்கு அந்தச் சொல்லே வராது என்று முழங்கினேன். பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அதே அதிகாரத்தில் மூணு வசனம் தள்ளிப் பாத்தீங்களா?"

பார்த்திருக்கவில்லை. 19ஆம் வசனத்தில் மனிதர் ஒளியைவிட இருளை 'விரும்பினார்கள்' என்கிற இடத்தில் இருப்பது அகாபேயின் வினைச்சொல்லான அகபாவோ. 16இல் கடவுளின் அன்புக்கு வருகிற அதே வினை. இருள்மேல் வைத்த விருப்பத்துக்கும் அதே சொல்தான்.

அவர் அத்தோடு விட்டார். நான் வீட்டுக்கு வந்து தேடியபோது இன்னும் கிடைத்தது. பவுலை விட்டுப்போன தேமா 'இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து' என்று இரண்டாம் தீமோத்தேயு 4:10 சொல்கிறது; அங்கேயும் அகபாவோ. பழைய ஏற்பாட்டின் பழங்காலக் கிரேக்க மொழிபெயர்ப்பான எழுபதின்மர் மொழிபெயர்ப்பில், அம்னோன் தாமார்மேல் கொண்ட கேடுகெட்ட மோகத்துக்கு 2 சாமுவேல் 13இல் வருகிற சொற்களும் அகபாவோ, அகாபே. அப்புறம் பிதா குமாரனை நேசிக்கிறார் என்பதை யோவான் 3:35இல் அகபாவோ என்கிறார், 5:20இல் ஃபிலேயோ என்கிறார். ஃபிலேயோ என்றால் வெறும் நட்பு, ஒரு படி கீழே என்று பிரசங்கத்தில் கேட்டிருப்போம். இந்த இரண்டு வசனங்களையும் அருகருகே வைத்தால் அந்தப் படிக்கட்டு நிற்பதில்லை.

அப்படியானால் இந்த வசனத்தின் அன்பு சாதாரணமானதா? இல்லை. அதன் தனித்தன்மை எழுதியவர் வாக்கியத்தில் தெரிகிறது: அன்புசெய்கிறவர் கடவுள், அன்புசெய்யப்படுவது உலகம், செய்கை மகனைக் கொடுத்தது. 'அகபாவோ' என்ற சொல்லுக்குள் அது சிமிழில் அடைத்து வைக்கப்பட்டிருக்கவில்லை.

இதே வினையின் காலத்தைப் பற்றியும் ஒரு வதந்தி உண்டு. 'ஏகபேசென்' அஓரிஸ்ட் என்ற இறந்தகால வடிவம்; அஓரிஸ்ட் என்றாலே 'ஒரே தடவையில் முடிந்த செயல்' என்பார்கள். முந்தின அதிகாரத்திலேயே பதில் இருக்கிறது. ஆலயத்தைக் கட்ட 46 வருஷம் ஆயிற்று என்று யூதர்கள் சொல்கிற 2:20இல் 'கட்டப்பட்டது' என்பது அஓரிஸ்ட். 46 வருஷ வேலை ஒரே தடவையில் முடிந்ததா என்ன? செயலை முழுதாக ஒரு பார்வையில் பார்த்துச் சொல்லும் வடிவம் அது, அவ்வளவே. நம்முடைய 'அன்புகூர்ந்தார்' போதும்.

ஒரேபேறான

மொனொகெனேஸ் என்ற சொல் புதிய ஏற்பாட்டில் 9 இடங்களில் வருகிறது. 'மொனோஸ்' என்றால் ஒன்றேயான, தனியான. பின்பாதி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சண்டை. பிறப்பித்தல் என்ற பொருளுடைய வேரோடு சேர்த்தால் 'ஒரே பிறந்தவர்'. இனம், வகை என்ற பொருளுடைய 'கெனொஸ்' என்பதோடு சேர்த்தால் 'தன் வகையில் ஒரே ஒருவர்'. ஜெரோம் தம் இலத்தீன் மொழிபெயர்ப்பில் இந்த இடத்தில் 'ஒரே பிறந்தவர்' என்ற பொருளில் ஊனிகெனிதுஸ் என்று போட்டார். பழைய திருப்புதலின் 'ஒரேபேறான' அதே வழி. பேறு என்பது பெறுவதிலிருந்து வந்ததுதானே. திருவிவிலியத்தின் 'ஒரே மகன்' மற்ற வழி. அறிஞர்களிடையே இந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

வேரைத் தோண்டுவதைவிட, சொல் எங்கெல்லாம் புழங்குகிறது என்று பார்ப்பது நல்லது. நாயீன் ஊர் விதவையின் இறந்துபோன மகன், லூக்கா 7:12, 'ஒரே மகன்'. யவீருவின் மகள், 8:42. இரண்டிலும் மொனொகெனேஸ். இவை 'ஒரே பிள்ளை' என்று எளிதாக அடங்கிவிடும். சுவாரசியமான இடம் எபிரெயர் 11:17. ஆபிரகாம் 'தனக்கு ஒரேபேறானவனை' பலியாக ஒப்புக்கொடுத்தான் என்கிறது, ஈசாக்கைப் பற்றி. ஆனால் ஈசாக்குக்கு முன்பே இஸ்மவேல் பிறந்துவிட்டானே! ஆகவே இங்கே பிறப்பின் எண்ணிக்கை பொருந்தவில்லை. வாக்குத்தத்தத்துக்கு உரியவன், அவனைப்போல் இன்னொருவன் இல்லை என்பதே பொருள். அதற்காகக் குமாரன் 'பிறப்பிக்கப்பட்டவர்' என்ற உபதேசம் கவிழ்ந்துவிட்டது என்று யாரும் கிளம்ப வேண்டாம். அதற்கு வேறு வசனங்களும் வேறு வாதங்களும் இருக்கின்றன. இந்த ஒரு சொல்லின் தலையில் அந்தப் பாரத்தை முழுவதும் வைக்க முடியாது, அவ்வளவுதான்.

வேரைத் தோண்டுவதன் ஆபத்து தமிழிலேயே தெரியும். எள்ளின் நெய் என்பதால் எண்ணெய். மண்ணெண்ணெயில் எள் எங்கே, நெய் எங்கே? சொல் பிறந்த இடம் ஒன்று, வாழும் இடம் வேறொன்று. கொஸ்மொஸ் என்ற சொல்லுக்கு ஒழுங்கு, அலங்காரம் என்ற பழைய பொருள்கள் உண்டு. 1 பேதுரு 3:3இல் பெண்களின் அலங்காரம் என்ற பொருளிலேயே வருகிறது. அதை எடுத்துக்கொண்டு 'கடவுள் பிரபஞ்சத்தின் அழகை நேசித்தார்' என்று யோவான் 3:16க்கு விளக்கம் சொன்னால் அது மண்ணெண்ணெயில் எள் தேடுவதுதான். யோவானின் எழுத்தில் உலகம் பெரும்பாலும் கடவுளுக்கு முகம் திருப்பிக்கொண்ட மனித உலகம். 1 யோவான் 2:15இல் 'உலகத்தில் அன்புகூராதிருங்கள்' என்று கட்டளை இருக்கிறது: அதே அகபாவோ, அதே கொஸ்மொஸ். நம்மைச் செய்யாதே என்று சொன்ன அதே வினையையும் பொருளையும் வைத்துக் கடவுள் செய்தார் என்கிறது 3:16. பழைய திருப்புதல் இரண்டு இடத்திலும் 'உலகத்தில் அன்புகூர்' என்றே வைத்திருப்பதால் இந்த எதிரொலி தமிழிலும் கேட்கிறது. இந்த இடத்தில் அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

பின்னால் வந்த சொல்லை முன்னால் ஏற்றுவது இதன் தலைகீழ்த் தவறு. சுவிசேஷம் தேவபெலன் என்கிற ரோமர் 1:16இல் 'டுனமிஸ்' இருக்கிறது, டைனமைட் அதிலிருந்து வந்தது, ஆகவே சுவிசேஷம் வெடிகுண்டு என்று பேசுவார்கள். நோபெல் டைனமைட்டைக் கண்டுபிடித்தது 1860களில். பவுலுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

அகராதியில் இருக்கிற எல்லாப் பொருளையும் ஒரே இடத்தில் கொட்டுவது இன்னொன்று. 'படி' என்றால் வாசி, ஏணியின் தட்டு, அளக்கும் அளவை, ஒன்றின் பிரகாரம். 'அவன் படியேறினான்' என்ற வாக்கியத்தில் இவை அத்தனையும் இல்லை. எந்தப் பொருள் என்பதைப் பக்கத்துச் சொற்கள் முடிவுசெய்துவிடுகின்றன. கிரேக்கமும் மனிதர் பேசிய மொழிதான்.

விதிவிலக்கும் உண்டு, எழுதுகிறவர் வேண்டுமென்றே இரண்டு பொருளில் விளையாடுவார். இதே அதிகாரத்தின் 3ஆம் வசனத்தில் 'மறுபடியும் பிறவாவிட்டால்' என்கிற இடத்தில் இருக்கும் சொல் அனோதென். 'மறுபடியும்' என்றும் பொருள், 'மேலிருந்து' என்றும் பொருள். நிக்கொதேமு முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு, கிழவன் தாயின் வயிற்றுக்குள் மறுபடி போக முடியுமா என்று கேட்கிறார். 31ஆம் வசனத்தில் அதே சொல் 'உன்னதத்திலிருந்து' ஆகிறது. தமிழில் இந்தச் சிலேடை ஒரே சொல்லில் நிற்காது. இங்கே கிரேக்கம் தெரிந்தவனுக்குக் கூடுதலாக ஒரு புன்னகை கிடைக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது

முதலில் எழுத்து. கிரேக்க எழுத்துகள் 24தான். ஒரு வாரம் உட்கார்ந்தால் தட்டுத்தடுமாறி வாசித்துவிடலாம். புதிய ஏற்பாட்டில் 50 தடவைக்கு மேல் வருகிற சொற்கள் ஏறக்குறைய 310. அவை மட்டுமே மொத்த வாசகத்தில் 80 சதவீதம் அளவுக்கு வந்துவிடுகின்றன. பயப்படும் அளவுக்குப் பெரிய மலையில்லை.

எழுத்துகூடக் கற்காமல் தொடங்குகிறவர்களுக்கு இன்டர்லீனியர் என்கிற வரிக்கு வரி பதிப்பு இருக்கிறது. கூடவே ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட ஒத்தவாக்கிய அகராதியின் எண்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண். மொனொகெனேஸுக்கு 3439, ஹூட்டோஸுக்கு 3779. ப்ளூ லெட்டர் பைபிள், ஸ்டெப் பைபிள் போன்ற தளங்களில் சொல்லைத் தொட்டாலே அந்த எண் வரும். இதன் உண்மையான பயன் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும் சின்ன விளக்கத்தில் இல்லை. அதே எண் வருகிற மற்ற வசனங்களின் பட்டியலில்தான் இருக்கிறது. நான் தேமாவைக் கண்டுபிடித்தது அப்படித்தான். எண்ணுக்கு ஒரு குறையும் உண்டு: அது அடிச்சொல்லை மட்டுமே தரும். 'போ' என்ற சொல்லுக்குப் பொருள் தெரிந்தால் மட்டும் 'போயிருக்கக்கூடாதா' என்பது புரிந்துவிடாது. வடிவத்துக்கு இலக்கணம் வேண்டும்.

இந்த முறையில் ஒரு சொல்லை மட்டும் செய்து பார்க்கிறேன். 'கெட்டுப்போகாமல்' என்பதில் உள்ள வடிவம் 'அபொலேடை'. இதே வடிவம் அச்சுப் பிசகாமல் யோவான் 6:12இல் வருகிறது: ஐயாயிரம் பேர் சாப்பிட்ட பிறகு மீதியான துணிக்கைகள் 'ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு' சேர்த்துவையுங்கள் என்கிற இடம். இதே வினைதான் லூக்கா 15இல் ஆட்டுக்கும் காசுக்கும் இளைய குமாரனுக்கும் 'காணாமற்போன' என்று வருகிறது. அழிவு, சேதம், தொலைந்துபோதல் எல்லாம் இந்த வினையின் வீட்டுக்குள் இருக்கின்றன. 3:16இல் எதிர்ப்பக்கம் நித்தியஜீவன் நிற்பதால் அழிவு என்பதே முன்னுக்கு வருகிறது.

'பிஸ்டியூவோ' என்ற வினை, விசுவாசித்தல், இந்த நற்செய்தியில் 98 தடவை வருகிறது. 'பிஸ்டிஸ்', விசுவாசம் என்ற பெயர்ச்சொல், ஒரு தடவைகூட வரவில்லை. ஏன் என்று யோவான் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. இந்த வசனத்தைச் சொல்வது யார்? நிக்கொதேமுவிடம் இயேசு பேசிக்கொண்டிருக்கிறார். பழைய சுவடிகளில் மேற்கோள் குறி கிடையாது. இயேசுவின் பேச்சு 15இல் முடிந்து, 16 முதல் நற்செய்தியாளரின் விளக்கமா, அல்லது 21 வரை அவர் பேச்சேதானா? 'கொடுத்தார்' என்று முடிந்துபோன செயலாக வருவதை வைத்து முதல் பக்கம் சாய்கிறவர்கள் உண்டு. ஓட்டம் எங்கும் அறுபடவில்லை என்று இரண்டாவது பக்கம் நிற்கிறவர்களும் உண்டு. 'கர்' இரண்டு பக்கத்துக்கும் உதவும்: பேசுகிறவரே தன் பேச்சுக்குக் காரணம் சொல்லலாம், எழுதுகிறவரும் சொல்லலாம்.

நீங்களாகவே ஒன்றைச் செய்து பார்க்க விரும்பினால், 17ஆம் வசனத்தை இன்டர்லீனியரில் திறந்து இரண்டாவது சொல்லைப் பாருங்கள். பழைய திருப்புதலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் அதே 'கர்' நிற்கிறது. தமிழில் அது எங்கே போயிற்று என்று தேடுங்கள்.